குலுங்காத வண்டி

மாப்பிள்ளை மரியாதை எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை வயிறாரச் சாப்பிட்டேன். காலைப் பூசை முடிந்ததும் காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, கல்லலுக்குப் பக்கத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போவேன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதே முன்னறையில் ஃபேன் சுழலத் தொடங்கிவிடும். வீட்டில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மாமனார் நின்றுகொண்டே மழையைப் பற்றிப் பேசுவார். காப்பி வரும், முறுக்கு வரும், மத்தியானம் கோழிக் குழம்பு வரும். என் மனைவி மட்டும் வரமாட்டாள்.

வந்தாலும் தண்ணீர்ச் செம்பை வைக்கிற நேரம்தான். "நல்லா இருக்கீகளா?" என்று கேட்பாள். நல்லா இருக்கேன் என்பேன். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, என் அத்தை, நிற்பார், அவருக்குப் பின்னால் யாராவது ஒரு சொந்தக்காரப் பெண் நிற்பாள். எழுந்து அடுப்படிக்குள் போய் மனைவியிடம் பேசுகிற மாப்பிள்ளையை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த முதல் ஆளாக இருக்க எனக்குத் துணிச்சலும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளே அவள் பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வருவார். "உடம்பு தேறட்டும் மாப்பிள்ளை. நாங்களே கொண்டாந்து விடுறோம்."

கோபப்பட இடமே தராத பேச்சு. அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தவக்காலத்துக்கு முன்னால் போனவள். உயிர்த்த ஞாயிறு கழிந்தது, கோடை கழிந்தது, பள்ளிக்கூடங்கள் திறந்தன. செம்பு வைக்கிற கையைப் பார்த்தால் தேறாத உடம்பாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைப்பேன்.

விஷயம் இதுதான். அவள் முழுகாமல் இருந்தாள். நாலாவது மாதம் தொடங்கியிருந்தது. கல்லலில் அவள் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு பிள்ளை முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. போய்விட்டுத் திரும்பும்போது பஸ் வரவில்லை என்று வண்டியிலேயே கூட்டிவந்தேன். வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு பெயர்ந்து கிடக்கும். எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் முன்சக்கரம் ஒரு முறை விழுந்து எழும். எழுந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அது தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எப்படியும் இது தங்கியிருக்காது. அடுத்தது நல்லா வரும்" என்று டாக்டரம்மா என்னிடமும் சொன்னார், அத்தையிடமும் சொன்னார். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் தன் தங்கையிடம், "குலுக்கிக் கூட்டியாந்துட்டாக" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்த ரூட்டில் ஓடிய பஸ் என் வண்டியைவிட மோசமாகக் குதிக்கும். பஸ்ஸில் வந்திருந்தால் குறை சொல்ல ஆள் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

என் மனைவி என்னைப் பழிக்கவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற நேரத்தில் நான் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன்.

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். முன்பக்கம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் எங்கோ வெளியூரில் இருந்தார்கள், கல்யாணம் என்றால் மட்டும் வருவார்கள். பின்கட்டில் இரண்டு அறைகள், ஒரு அடுப்படி, கிணற்றடி. இரண்டு பேர் இருந்தபோது அது சின்ன இடம். ஒருவன் மட்டும் இருந்தபோது ஆத்தங்குடிக் கல் பாவிய அந்தத் தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் காலையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளர் அதே இடத்தில் இருக்கும். அது என்னை எரிச்சல்படுத்தும். நான் தனியாக இருந்தேன். அதற்கு அழகான சொல் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கடைசல் வேலை கற்றுக்கொடுக்கும் உத்தியோகம். ஊருக்குள் என் பெயரே 'லேத் வாத்தியார்'தான். இரும்போடு பழகுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எது கெட்டுப்போனாலும் ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டி குலுக்கியதால்தானே வந்தது இவ்வளவும்? குலுங்காத வண்டியாக அதை மாற்றிவிட்டால்? அத்தையையே பின்னால் உட்காரவைத்து அந்தப் பாலத்தைத் தாண்டிக் காட்டினால்? டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் மாமியார் டாக்டர் பேச்சைக் கேட்டு மகளை அனுப்பப்போகிறவர் இல்லை. இடுப்பால் உணர்ந்தால்தான் அனுப்புவார்.

அது கல்யாணத்துக்கு முன்னால் பழையதாக வாங்கிய வண்டி. இரட்டைச் சைலன்ஸர், இருநூற்றைம்பது சி.சி., நல்ல உழைப்பாளி. முன்னால் இருந்த இரண்டு கால்களும்தான் வயதாகிப்போனவை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற அந்தக் கால்களுக்குள் ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். என் வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. புது சீல் போட்டால் ஒரு மழைக்குத் தாங்கும். பிறகு பழையபடி தொப்பென்று விழும்.

கோடை விடுமுறை முடிகிற சமயம், என்னிடம் படித்துவிட்டுச் சிங்கப்பூர் போய்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த ஒருவர் லீவில் வந்தார். அவருக்கும் வண்டிப் பைத்தியம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பருடைய ரேஸ் வண்டியில் சுற்றுவாராம்.

"தண்ணியில போற மாதிரி போகும் சார். கையில ஒரு டம்ளர் காப்பிய வச்சுக்கிட்டுப் போகலாம். சிந்தாது" என்றார்.

காப்பி சிந்தாது என்ற அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அடிபட்டு உடைபடுகிற வண்டிகளிலிருந்து பாகங்களைக் கழற்றி விற்கும் இடம் அங்கே உண்டு என்றார். முன்கால் மட்டும் ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த அவருடைய கூட்டாளி ஒருவர் மூலமாக அது வந்து சேர்ந்தது. இரண்டு கம்பளிப் போர்வைகளில் சுற்றி, நடுவில் சோப்புக் கட்டிகளைச் செருகி அனுப்பியிருந்தார். பிரித்தபோது இரும்பில் ரோஜாப்பூ வாசனை அடித்தது.

அழகான பொருள். அதில் சந்தேகமே இல்லை. பொன்னிறத்தில் தடித்த குழாய், அதற்குள்ளிருந்து கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய குழாய். நம் ஊர் வண்டிகளில் மெல்லியது மேலே இருக்கும், தடித்தது கீழே சக்கரத்தோடு இருக்கும். இதில் எல்லாம் மாறி, தடித்தது மேலே, மெல்லியது கீழே. ரேஸ் வண்டிகளில் அப்படித்தான் வரத் தொடங்கியிருந்தது. தரையில் ஊன்றி ஒரு காலை அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஓடாமல் கிடந்தது, ஓட ஓட இளகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது பேருக்குப் பாடம் எடுக்கிறவன் சொல்லிக்கொள்கிற சமாதானமா இது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலை மட்டும் நன்றாக நடந்தது. வகுப்பு முடிந்த பிறகு லேத்தைப் பயன்படுத்திக்கொள்ள முதல்வர் அனுமதி கொடுத்தார். இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கிற பிடிப்பின் நடுவில் ஒரு தண்டு இருக்கும். அது வண்டியின் கழுத்துக்குள் நுழைந்து நிற்க வேண்டும். சிங்கப்பூர்த் தண்டு குட்டையாகவும் ஒல்லியாகவும் இருந்தது. அதை அழுத்தி வெளியே எடுத்துவிட்டு, நல்ல எஃகில் புதுத் தண்டு கடைந்து இறக்கினேன். கழுத்தில் உருளும் குண்டுகளுக்குப் புது கோன் செட் போட்டேன். என் வண்டியின் சக்கரம் அந்தக் கால்களுக்கு நடுவே குழந்தைக்கு அப்பா சட்டை போட்டதுபோல் தொளதொளவென்று நின்றது. இரண்டு பக்கமும் புஷ் கடைந்து இடைவெளியை அடைத்தேன். பிரேக்தான் படுத்தியது. ரேஸ் வண்டியில் டிஸ்க், என்னுடையது டிரம். பிரேக்கைப் பிடித்தால் டிரம்மின் மூடியும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைக் கட்டிப்போட அந்தக் காலில் இடம் இல்லை. டிஸ்க் பிரேக்கை மாட்டுவதற்கென்று காலில் இரண்டு காதுகள் இருந்தன. பட்டை இரும்பில் ஒரு கை செய்து அந்தக் காதுகளில் போல்ட் போட்டு மூடியைப் பிடித்துக் கட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்த வேலை நடந்த மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேத் ஓடுகிற சத்தத்தில் தனிமை தெரியாது. சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழும்போது, இது முடிந்ததும் அவள் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொள்வேன். இஞ்சியும் தட்டிப் போட்டு அவள் வைக்கிற ரசம்வரை நினைவு போகும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கல்லலுக்குப் போனேன். வண்டி எங்கே என்று மாமனார் கேட்டார். ரிப்பேரில் இருக்கிறது என்றேன். செம்பை வைக்க வந்தவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

வண்டியை வெளியே எடுத்த அன்றைக்கே ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எனக்குப் பல வருடப் பழக்கம். வாய் ஓயாத மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. கால தலைகீழா மாட்டிட்டீக."

"அது அப்படித்தான்."

"எப்படித்தான்? மனுசனுக்குத் தொடைய கீழயும் கெண்டைக்கால மேலயும் வச்சா நடப்பானா? இங்குட்டு விட்டுட்டுப் போங்க. மத்தியானத்துக்குள்ள திருப்பி மாட்டித் தாரேன். லேத் வாத்தியாருன்னு வெளிய சொல்லாதீக."

விளக்கிச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. போகிற வழியில் பெட்ரோல் போடுகிறவர் சொன்னார், தலைகீழா இருக்கு சார். பள்ளியில் தச்சு வாத்தியார் சொன்னார். அந்த வாரம் பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சாமியார்கூட வண்டிக்கு முன்னால் நின்று, "என்னப்பா, இராயப்பரத் தலைகீழாச் சிலுவையில அறைஞ்ச மாதிரி கவுத்து அறைஞ்சு வச்சிருக்கீக?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை பேர் என்னோடு ஒரே வாரத்தில் பேசியது அந்த வருடத்தில் அப்போதுதான். ஆனால் எதற்காக இதைச் செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கல்லல் ரோட்டில் தனியாகத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஊரைத் தாண்டி நல்ல தாராக இருந்தவரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திருப்பத்தில் கொஞ்சம் வெடுக்கென்று திரும்பியது. கால் குட்டையாக இருந்ததால் முன்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது, அதனால் வந்த குணம் அது. பழகிக்கொள்ளலாம். காப்பி சிந்தாது என்று வாய்விட்டே சொன்னேன்.

முதல் பள்ளம் வந்தது. இரண்டு கையிலும் யாரோ உலக்கையால் இடித்ததுபோல் இருந்தது. அடுத்த பள்ளத்தில் பல் கிட்டித்தது. பழைய கால்களாவது தொப்பென்று விழுந்து, கிழவனைப்போல முனகிக்கொண்டே எழுந்திருக்கும். இது விழவே இல்லை. பள்ளத்தில் இருந்த அடியை ஒரு துளி குறைக்காமல் அப்படியே என் தோளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. பாலத்துக்குப் பக்கத்தில் பெயர்ந்து கிடந்த இடத்தில் ஏற்றியபோது நான் சீட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தேன்.

விடவில்லை. கழற்றி, ஆயிலைக் கொட்டிவிட்டு, மெல்லிய ஆயில் ஊற்றினேன். ஸ்பிரிங்குக்கு மேலே இருந்த அடைப்புக் குழாயை வெட்டிக் குறைத்தேன். பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்திக்கொண்டு குனிந்தது. பள்ளத்தில் பழையபடியே இடித்தது. மறுபடியும் கழற்றினேன், மறுபடியும் மாட்டினேன். மாதா பிறந்தநாளுக்கு ஊரெல்லாம் கொடியேற்றிக் கொண்டிருக்க, நான் கையெல்லாம் ஆயிலோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காப்பி சிந்தாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ஊர் ரோடு. கண்ணாடிபோல் போட்ட ரோட்டில் பறக்கிற வண்டிக்கு, பறக்கும்போது பிரேக் பிடித்தால் துவளாமல் நிற்கிற கால் வேண்டும். விறைப்பாக இருப்பதற்கென்றே செய்த கால் அது. கல்லல் ரோட்டை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெத்தென்று இருந்த ரோட்டை விட்டுவிட்டு, விறைத்த காலை மட்டும் கப்பல் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இதைவிடப் பெரிய கூமுட்டைத்தனம் உண்டா? தலைகீழாக மாட்டியிருக்கிறாய் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்ன காரணம் தப்பு, மற்றபடி சரிதான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேராகக் கல்லலுக்குக் கிளம்பினேன். இந்த வண்டியை விற்றுவிடுகிறேன், இனி பஸ்ஸிலோ கட்டைவண்டியிலோ கூட்டிப்போகிறேன், அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம். வழியெல்லாம் அத்தையிடம் பேசவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பேச்சு அறுந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

வாரநாளில் மாப்பிள்ளை வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தியும் ஃபேன் சுழலவில்லை, நாற்காலி நகரவில்லை. கதவு திறந்திருந்தது. என் மனைவி அரிவாள்மணையில் நறுக்கிய கத்தரிக்காய்ப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். மாமனாரும் அத்தையும் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வீட்டில் எங்களுக்கு நடுவே யாரும் இல்லாமல் நாங்கள் நின்றது அன்றைக்குத்தான்.

"என்ன, திடுதிப்புன்னு? பள்ளிக்கூடம் இல்லியா?" என்றாள்.

அத்தைக்கென்று தயார் பண்ணிய பேச்சை அவளிடம் சொல்ல முடியவில்லை. வண்டியைக் காட்டினேன். சிங்கப்பூர்க் கால் வந்தது, தண்டு கடைந்தது, புஷ் போட்டது, மெல்லிய ஆயில் ஊற்றியது என்று கோர்வை இல்லாமல் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பொன்னிறக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். தலைகீழாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"இத்தன நாளா இதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தீகளா?"

"ஆமா. குலுங்காம இருக்கும்னு நெனச்சேன். முன்னாடி இருந்ததவிட மோசமா குலுக்குது. இத வித்துடப்போறேன். ஒன்னயக் கூட்டிட்டுப் போக இது ஆகாது."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏறி உக்காரட்டுமா?"

"வேணாம். சொல்றேன்ல, குலுக்கும்."

"குலுக்கட்டும். இப்ப உள்ள யாரு இருக்கா, பயப்படுறதுக்கு?"

டாக்டரம்மா 'இது' என்றார். அத்தையும் சொந்தக்காரர்களும் 'அது' என்றார்கள். நானும் மனதுக்குள் 'அது தங்கவில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் 'யாரு' என்றாள். இத்தனை மாதமாக அவள் யாரையோ இழந்துவிட்டு இந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள், நான் எதையோ பழுதுபார்க்க அலைந்துகொண்டிருக்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். மெதுவாகவே எடுத்தேன். ரோட்டுக்கு வந்ததும் எந்தப் பக்கம் என்று கேட்டேன். காரைக்குடிப் பக்கம் கையைக் காட்டினாள். பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டி இடித்தது, ஒவ்வொரு இடியும் அவளுக்கும் போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பாலம் வந்ததும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

"நிப்பாட்டாதீக. போங்க" என்றாள்.

ஏற்றினேன். முன்சக்கரம் விழுந்து எழுந்தது. அவள் கை என் தோளில் இறுகியது. அப்புறம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தமாகத் தொடங்கி, பள்ளம்தோறும் உடைந்து உடைந்து பெரிதாகியது. ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படி அழவில்லை. நான் திரும்பிப் பார்க்க முடியாது, அவளும் என் முகத்தைப் பார்க்க முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. காற்றில் என் கண்ணீர் காதுவரை ஓடியது. எதிரே வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனார். அப்படியே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கத்தரிக்காய் கறுத்துப்போயிருந்தது. பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம வாங்க. துணிமணியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். உள்ளே போகத் திரும்பியவள் வாசற்படியில் நின்றாள்.

"தொட்டில எங்குட்டுக் கட்டலாம்னு நெனச்சு வச்சிருந்தீக?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

"அடுப்படிக்கு அடுத்த ரூம்ல. சன்னல் பக்கத்து உத்தரத்துல" என்றேன்.

"நானும் அங்குட்டுத்தான் நெனச்சேன்" என்றாள்.